சொல்லக் கூடாத முகவரி

ஜூன் 13, 2017, செவ்வாய்

நேற்று எங்கள் தீவு நாட்டின் சுதந்திர தினம், விடுமுறை. இன்று ஒரே நாளில் இரண்டு நாள் வேலை. காலை ஏழரைக்கே மனாங் நிதா அலுவலக வாசலில் நின்றிருந்தார். கையில் பாதி தின்ற பன், அக்குளில் ஃபைல்கள்.

"எலோய், இன்னைக்காவது உங்க வண்டி மேட்டுல ஏறுமா, இல்ல நான் இறங்கித் தள்ளணுமா?"

"நீங்க இறங்குனாலே ஏறிடும் மனாங்."

"காலங்காத்தால என் எடையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

லியோனிதா சுமகாய்சாய் என்ற அவருடைய முழுப் பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் பார்க்க முடியும். சாந்தா எமிலியாவில் மேயர் முதல் மீன்காரி வரை எல்லோருக்கும் அவர் மனாங், ஊருக்கே அக்கா. நகராட்சியின் மூத்த குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர். இருபத்தாறு வருடமாக இதே வேலை. நான் அவருக்கு வண்டி ஓட்டுவது ஆறு வருடமாக. கப்பலில் எஞ்சின் அறையில் இருந்த காலத்திலிருந்து தேதி போட்டு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இத்தனை நாளும் எழுதியதெல்லாம் மழை, வண்டி, சாப்பாடு. இன்று இவரைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

கடற்கரையில் ஒரு வீடு. தாய் குவைத்தில் வேலைக்குப் போய்விட்டாள். தகப்பன் மீன்பிடிக்கப் போகும்போது இரண்டு பிள்ளைகளையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான் என்று புகார். பிள்ளைகளோடுதான் திரும்புவோம் என்று நினைத்து நான் பின்சீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். மனாங் அந்த ஆளோடு தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வலையில் சிக்கெடுத்தார். பேச்சு அதன் நடுவிலேயே நடந்தது. கடைசியில், எதிர் வீட்டில் கருவாடு காயப்போடும் பெண் அவன் கடலில் இருக்கும் நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. புகார் யார் கொடுத்தது என்று அவன் மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் மனாங்குக்குக் காது கேட்கவில்லை.

"வெறும் வண்டியாவா திரும்புறோம்?" என்றேன்.

"எல்லாரும் என்னைப் பிள்ளைங்களத் தூக்கிட்டுப் போறவள்னு நினைக்கிறாங்க. அதுங்கள வீட்டுலயே நல்லா இருக்க வைக்கிறதுதான் எலோய் என் வேலை. தூக்குறது, அந்த வேலை தோத்த அன்னைக்கு."

ஜூன் 16, வெள்ளி

மழை. நீதிமன்றத்தில் நான்கு மணி நேரம் நின்றுவிட்டு வந்த மனாங் வண்டியில் குறட்டை விட்டுத் தூங்கினார். எழுப்ப மனமில்லாமல் துறைமுகத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

ஜூன் 21, புதன்

எழுத உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகிறது. எங்கே தொடங்குவது?

காலையில் எங்கே போகிறோம் என்று மனாங் சொல்லவில்லை. பின்னால் மகளிர் பிரிவுப் பெண் போலீஸ் ஒருத்தி, சீருடை இல்லாமல். "நேரா போங்க." போனேன். "கோயில் தாண்டி இடது பக்கம்." திரும்பினேன். "அந்தப் பச்சை கேட்."

பச்சை கேட் செனியோவின் வீடு. என் மூத்த மகனுக்கு ஞானத்தந்தை, அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் பாரே என்றுதான் கூப்பிடுவோம். புயலில் எங்கள் வீட்டுக் கூரை கடலுக்குப் போனபோது எங்கள் நான்கு பேரையும் நான்கு மாதம் வைத்துச் சோறு போட்டவன்.

"மனாங், வீடு மாறி வந்துட்டோம்."

"நம்பர் சரியாத்தான் இருக்கு."

"இல்ல, இவங்க எனக்கு—"

"தெரியும் எலோய். வண்டியிலயே இருக்கீங்களா, இல்ல இறங்கி நடந்து போறீங்களா? ரெண்டுமே தப்பில்ல. நான் எதையும் மனசுல வச்சுக்க மாட்டேன்."

இருந்தேன். ஏன் இருந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

செனியோ ஊரில் இல்லை. அவன் மனைவி பெலென்தான் முன்வாசலில் உட்கார வைத்தாள். மனாங் தண்ணீர் கேட்டார். பெலென் உள்பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாள். ஒரு பெண் பிள்ளை டம்ளரோடு வந்தது. பன்னிரண்டு வயது இருக்கும். டம்ளரை விரலால் பிடிக்கவில்லை, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு வந்தது. மனாங் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். "நல்ல தாகம், இன்னொண்ணு குடும்மா. இரு, நீ அலைய வேண்டாம், நானே வர்றேன்" என்று அந்தப் பிள்ளையின் பின்னாலேயே சமையலறைக்குள் போய்விட்டார். பெலென் எழுந்திருப்பதற்குள் பெண் போலீஸ் அவளிடம் ஏதோ கேட்கத் தொடங்கிவிட்டாள்.

இருபது நிமிடம். பிள்ளையோடு வெளியே வந்தார். அது வெறுங்கால். மனாங் தன் பையிலிருந்து மூன்று அளவில் மூன்று ஜோடி ரப்பர் செருப்பு எடுத்துத் தரையில் வைத்தார். "எது வேணும் இந்தாய்?" என்றார், பெண் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்லில். அந்தக் கலவரத்திலும் பிள்ளை நின்று யோசித்து மஞ்சளை எடுத்தது.

பெலென் கேட் வரை வந்தாள். "என் வீட்டு வேலைக்காரியை நீ யாரு கூட்டிட்டுப் போக?" என்று கத்தியவள் என்னைப் பார்த்துவிட்டாள். "எலோய்! நீயா? நாலு மாசம் எங்க சோத்தைத் தின்னியே, நீயா?"

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையின் பெயர் அனலின். மலைக்கிராமம். இரண்டு வருடம் முன்பு பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம் என்று அழைத்து வந்தார்களாம். பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு உள்ளங்கையிலும் புறங்கையிலும் இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தழும்புகள். சில பழையவை. ஒன்று புதியது.

வண்டியில் அது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை மணிக்குத் திரும்பி வரணும்?"

"இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டாம்" என்றார் மனாங். "இப்ப டாக்டர்கிட்ட போறோம். கையைப் பார்ப்பாங்க, மருந்து போடுறப்ப எரியும். அப்புறம் படகு. அக்கரையில பொண்ணுங்க மட்டும் இருக்கிற ஒரு வீடு. இன்னைக்கு அங்க தூங்குவே. நாளைக்குப் பத்து மணிக்கு நான் வருவேன். அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சதும் முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்."

பயப்படாதே என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. எரியாது என்று சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "எரிஞ்ச உடனே நான் பொய்க்காரி ஆயிடுவேன்ல?"

அக்கரை வரை பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கன்னியாஸ்திரிகள் நடத்தும் காப்பகம். திரும்பும் படகில் மனாங் சொன்னார்: "இந்த வீடு எதுன்னு நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். உங்களுக்கு, எனக்கு, அந்தப் போலீஸ் பொண்ணுக்கு."

ஜூன் 22, வியாழன்

கடல் மோசம், பயணிகள் படகை நிறுத்திவிட்டார்கள். மனாங் ஒரு மீன்படகுக்காரனைக் கெஞ்சி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, ஒன்பது ஐம்பதுக்குக் காப்பகத்தின் மணியை அடித்தாராம். பத்து மணி என்று சொல்லியிருந்தாரே.

ஜூன் 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் செனியோ. கையில் ஒரு கூடை நண்டு. என் மனைவி தெல்மா அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கி உள்ளே கொண்டு போனாள்.

"பாரே, பெலென் கோவக்காரி, உனக்கே தெரியும். ஆனா கெட்டவ இல்ல."

"ம்."

"பிள்ளை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுறோம். ராப்பகலா அழுவுறா."

"எனக்குத் தெரியாது பாரே."

"ஓட்டுனது நீதானே?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை. போகும்போது என் சின்ன மகளின் தலையைத் தடவிக்கொடுத்தான். கேட்டருகே நின்று, "புயல் அன்னைக்கு நீ வந்து என் கதவைத் தட்டினப்ப, யாருன்னு கேட்டனா?" என்றான்.

கேட்கவில்லை. கேட்காமலேயே திறந்தான்.

ஜூலை 1, சனி

நான் ஒரு முட்டாள். முட்டாள். முட்டாள்.

துறைமுகத்தில் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். செனியோ வந்து பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்தான். பிள்ளை எங்கே என்று கேட்கவே இல்லை. பழைய கதை, சேவல் கதை, எங்கள் மகன்கள் கதை. சிரித்தோம். பிறகு போகிறபோக்கில், "பாவம், அன்னைக்குக் கடல் வேற அப்படி. பிள்ளைக்கு வாந்தி கீந்தி வரலையே?"

"சேச்சே, தைரியமா உக்காந்திருந்துச்சு. கன்னியாஸ்திரிங்க குடுத்த சூப்பை மிச்சம் வைக்காம குடிச்சுது."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவன் தலையாட்டினான். இன்னும் கொஞ்ச நேரம் சேவலைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனான்.

ஒருவேளை கவனித்திருக்க மாட்டானோ? அவனா கவனிக்க மாட்டான்!

ஜூலை 4, செவ்வாய்

நேற்று காப்பகத்தின் வாசலில் இரண்டு பேர். அனலினின் அம்மா கைநாட்டு வைத்த கடிதம் கொண்டுவந்து, பிள்ளையை ஒப்படையுங்கள் என்றார்களாம். கன்னியாஸ்திரிகள் கதவைத் திறக்கவில்லை. ஆனால் அனலின் மாடி ஜன்னல் வழியே பார்த்துவிட்டது. வந்தவர்களில் ஒருவன் பெலெனின் தம்பி. பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. சோறு இல்லை, பேச்சு இல்லை.

இன்று காலை முதல் படகில் போனோம். நான் தாழ்வாரத்தில் பையோடு நின்றேன், கதவு பாதி திறந்திருந்தது. மனாங் கட்டில் பக்கத்தில், வெறும் சிமெண்டுத் தரையில், பக்கவாட்டில் படுத்துக்கொண்டார். ஐம்பத்தேழு வயது, இடுப்பு வலிக்காரி. "வெளியே வா" என்று சொல்லவில்லை. "அவங்க வந்தாங்க, நீ பார்த்தது நிஜம்தான்" என்றார். "உள்ள விடல, அதுவும் நிஜம். இன்னைக்கே உன்னை வேற இடத்துக்கு மாத்தப்போறேன். நீ வர்ற வரைக்கும் நான் இங்கதான். தூக்கம் வந்தா குறட்டை விடுவேன், சிரிக்கக் கூடாது."

மூன்று மணி நேரம். நடுவில் நிஜமாகவே குறட்டை வந்தது. அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம். கொஞ்சம் கழித்துக் கட்டுப்போட்ட ஒரு கை வெளியே வந்து அவருடைய சட்டைக் கையைத் தொட்டது.

புது இடத்துக்குக் கூட்டிப்போக வேறு ஊர் வண்டி வந்தது. "நீங்க இங்கேயே இருங்க எலோய்" என்றார் மனாங். பையை அந்த டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

ஜூலை 5, புதன்

சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, நின்றபடியே. படகு, சூப், கன்னியாஸ்திரி எல்லாவற்றையும்.

அவர் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"மூணு பேருக்குத்தானே தெரியும். நான் சொல்லல. அந்தப் பொண்ணு சொல்லல."

"பின்ன ஏன் நேத்து துறைமுகம் வரைக்கும் என்னையே ஓட்ட விட்டீங்க?"

"வேற டிரைவர் எங்க இருக்கான் இந்த நகராட்சியில?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் காகிதத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"நான் இதை ஃபைல்ல எழுதணும் எலோய். உங்க பேரு போட்டு. மேலிடத்துல மெமோ வரும். உங்க மேல கோவத்துல எழுதல. நடந்ததை எழுதாம விட்டா, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு எதிரா அதை எவனாவது எடுத்து ஆட்டுவான்."

"என்னை மன்னிச்சிடுங்க மனாங்."

"என்கிட்ட கேக்காதீங்க. கட்டிலுக்கு அடியில போனது நான் இல்ல."

ஜூலை 12, புதன்

மலைக்கிராமம், இது மூன்றாவது தடவை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேர நடை. மெமோ வந்த பிறகும் நான்தான் ஓட்டுகிறேன், ஆனால் போகும் இடம் எதையும் மனாங் எனக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. சரிதான்.

அனலினின் அம்மா பெயர் தியோனிசியா. முதல் தடவை கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்தாள், பேசவில்லை. அவர்கள் சோளம் போடும் நிலம் செனியோ குடும்பத்துடையது. கைநாட்டு எப்படி வந்தது என்று இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

இன்று பேசினாள். பேச்சு இல்லை, வெடிப்பு. "ஆமா, நான்தான் அனுப்புனேன்! பெத்தவளா நீன்னு கேக்கத்தானே வந்திருக்கீங்க? கேளுங்க!"

மனாங் அவளோடு சேர்ந்து சோளம் உரித்துக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்துல சேக்குறேன்னு சொன்னாங்க. நீங்க நம்புனீங்க. பிள்ளை படிக்கணும்னு நினைச்ச அம்மாவை நான் என்ன கேக்கப்போறேன்?"

அவள் கை நின்றுவிட்டது. "அவ கை சரியாயிடுமா?" என்றாள்.

"ஒரு விரல் முழுசா மடங்காது. மத்தது சரியாயிடும். அவளே சொல்லச் சொன்னா, உங்க பேரை எழுதக் கத்துக்கிட்டாளாம்."

அந்தப் பெண் சோளக்குவியலில் முகத்தைப் புதைத்து அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே போய் நின்றேன். திரும்பும்போது கடிதத்தைத் திரும்பப் பெறும் கைநாட்டு ஃபைலில் இருந்தது. நிலம் போனால் எங்கே போவாள் என்று கேட்டேன். அடுத்த நகராட்சியில் தியோனிசியாவின் தங்கை இருக்கிறாளாம், போன வாரமே மனாங் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். எப்போது போனார்? ஞாயிற்றுக்கிழமை. பேருந்தில்.

ஜூலை 20, வியாழன்

பெலென் மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது, அவள் வக்கீல் பதிலும் கொடுத்துவிட்டார். பிள்ளை ஜூன் மாதம் தானே இஸ்திரி போடும்போது சுட்டுக்கொண்டதாம். ஒரே ஒரு தடவை. விபத்து.

ஜூன் இல்ல. எனக்குத் தெரியும் ஜூன் இல்ல. இவ்வளவு நாள் எங்க போச்சு இந்த ஞாபகம்?

ஏப்ரல் திருவிழா. நாங்க குடும்பத்தோட அவங்க வீட்டுல சாப்பிட்டோம். பன்றிக்கறி கொண்டாந்து வச்சது அந்தப் பிள்ளைதான். கையில துணி சுத்தியிருந்துச்சு. நான் கேட்டேன், "என்ன இந்தாய், பட்டாசு வெடிச்சியா?" எல்லாரும் சிரிச்சாங்க. பெலென் சொன்னா, "என் பட்டுச் சட்டையைத் தீய்ச்சா. சூடுன்னா என்னன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும்."

நானும் சிரிச்சேன். அய்யோ, நானும்தானே சிரிச்சேன். இன்னொரு துண்டு கறி கேட்டு வாங்கித் தின்னேன்.

ஜூலை 21, வெள்ளி

மனாங்கிடம் சொன்னேன். பேனாவை எடுப்பார் என்று நினைத்தேன். ஃபைலை மூடி வைத்துவிட்டார்.

"இதை என்கிட்ட சொல்லாதீங்க. அரசு வக்கீல்கிட்ட சொல்லணும், கோர்ட்ல சொல்லணும். ஆனா இன்னைக்கு இல்ல. முதல்ல வீட்டுக்குப் போய் தெல்மாகிட்ட சொல்லுங்க. இதுக்கு நீங்க மட்டும் பதில் சொல்லப்போறதில்ல, அவங்களும்தான். பெலென் கட்டடத்துலதானே அவங்க தையல் கடை?"

இந்த வழக்குக்கு என் சாட்சி எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

தெல்மா கடையில் இருந்தாள், தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும், "நாலு மாசம் அந்த வீட்டுல தூங்குனோம், மறக்கல" என்றாள். "ஆனா அந்த சமையக்கட்டுப் பக்கத்துல ஒரு சின்ன அறை இருக்குமே, ஜன்னல் இல்லாம. நம்ம பாயெல்லாம் போட்டு வச்சிருந்தோமே. அங்கதான் அது படுத்திருக்கும், இல்ல?"

"இருக்கலாம்."

"மெஷினை வீட்டுக்குத் தூக்கிட்டு வர நாளைக்கு வண்டி கிடைக்குமா பாரு. திங்கக்கிழமை நீ வக்கீலைப் பார்க்கப் போ."

நவம்பர் 15, புதன்

அனலின் சாட்சி சொன்ன நாள். போன வாரம் நீதிமன்றம் காலியாக இருந்த ஒரு மத்தியானம் மனாங் அதைக் கூட்டிப்போய்க் காட்டினாராம். யார் எங்கே உட்காருவார்கள், கதவு எது, கழிப்பறை எது என்று. நீதிபதியின் நாற்காலியில்கூட உட்கார வைத்துச் சுற்றிவிட்டிருக்கிறார். இன்று திரைக்குப் பின்னால் இருந்து பேசியது. நான் வெளியே இருந்ததால் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது அதன் முகத்தில் பசி மட்டும்தான் இருந்தது.

"நூடுல்ஸ் வாங்கித் தருவேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று மனாங்கிடம் கேட்டேன்.

"சாட்சி சொல்றதுக்கு நூடுல்ஸ் குடுத்தா அது லஞ்சம். பசிக்கு வாங்கித் தரலாம், வாங்க."

ஜனவரி 24, 2018, புதன்

என் முறை. சட்டை இஸ்திரி போட்டுத் தந்தது தெல்மா. கூண்டுக்கு எதிரே முதல் வரிசையில் செனியோ. அவனைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. ஏப்ரல், கறி, துணி சுற்றிய கை, பெலென் சொன்னது, நான் சிரித்தது. சிரித்ததையும் சொன்னேன்.

பெலெனின் வக்கீல் எழுந்தார். "காப்பகம் எங்கே என்பதை வெளியே சொன்னவர் நீங்கள்தானே? ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடியவரை இந்த நீதிமன்றம் நம்ப வேண்டுமா?" அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அரசு வழக்கறிஞர் அமைதியாக எழுந்து, "அது ஜூலை 5 தேதியிட்டுப் பணியாளரின் அறிக்கையிலேயே உள்ளது, பக்கம் பதினான்கு. இவர் தானாக வந்து ஒப்புக்கொண்டது. சொல்லச் சொல்லிக் கேட்டவர் யார் என்பதும் அதிலேயே உள்ளது" என்றார். நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். நிமிர்ந்து செனியோவைப் பார்த்தார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று என் பெயரைப் போட்டு எழுதியபோது, மனாங் என்னைத் தண்டிக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. இன்று அந்தப் பக்கம் பதினான்கு இல்லையென்றால் நான் சொன்ன ஒரு வார்த்தையும் நின்றிருக்காது.

வெளியே வந்தபோது செனியோ என் அருகே வந்து நின்றான். பிறகு திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டான். இருபத்திரண்டு வருட நட்பு.

ஜனவரி 29, திங்கள்

மேயர் பெலெனின் ஒன்றுவிட்ட அண்ணன். உத்தரவு வந்துவிட்டது. இன்று முதல் எனக்குக் குப்பை லாரி.

மனாங் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு மேயர் அறைக்குள் போனார். கதவு மூடியிருந்தும் அவர் குரல் மாடிப்படி வரை கேட்டது. உத்தரவு மாறவில்லை. திரும்பி வந்தவர் முகம் சிவந்திருந்தது. "நாலு மனு எழுதப்போறேன்" என்றார். எழுதுவார். அவரைத் தெரியாதா?

பிப்ரவரி 20, செவ்வாய்

குப்பை லாரிக்கு ஹார்ன் வேலை செய்யாது. கையால் தகரத்தைத் தட்ட வேண்டும். மற்றபடி குறையில்லை.

ஆகஸ்ட் 9, வியாழன்

தீர்ப்பு. பெலென் குற்றவாளி. சிறை.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. செனியோ வீட்டுப் பச்சை கேட் முன்னால் லாரியை நிறுத்தித் தகரத்தைத் தட்டினேன், அவனே குப்பைக் கூடையோடு வந்தான். வாங்கிக் கொட்டிவிட்டுக் கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவ்வளவுதான்.

அனலினும் அம்மாவும் இப்போது சித்தி வீட்டில். மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறது, வகுப்பிலேயே உயரமான பிள்ளையாம். தீர்ப்பைச் சொல்ல மனாங் போயிருந்தார். பிள்ளை கேட்டுக்கொண்டுவிட்டு, "சரி, எனக்குப் பயிற்சி இருக்கு" என்று கைப்பந்து விளையாட ஓடிவிட்டதாம். சொல்லும்போது மனாங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் போய் நின்னதே அதுக்கு இடைஞ்சல். இதைவிட எனக்கு என்ன வேணும் எலோய்?"

செப்டம்பர் 18, செவ்வாய்

காலை ஆறு மணி. சந்தை முனையில் லாரியை வளைக்கிறேன், நடுரோட்டில் கையை நீட்டிக்கொண்டு மனாங் நிற்கிறார். நல்ல வெள்ளைச் சட்டை, அக்குளில் ஃபைல்.

"புது டிரைவரோட வண்டி கிளம்பல. அடுத்த வண்டி எட்டு மணிக்குத்தான். எனக்கு இப்பவே போகணும்."

"மனாங், இது குப்பை லாரி! சட்டையெல்லாம் நாறிடும்."

"அங்க இருக்கிற பிள்ளை என்னை மோந்தா பார்க்கப்போகுது? நகருங்க."

படி உயரம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என் தோளில் ஒரு கை வைத்து, ஏறி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. குப்பை அள்ளும் இரண்டு பேரும் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள். அவர்களை முனையிலேயே இறங்கி நிற்கச் சொன்னார். அதன் பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, என் பக்கம் சாய்ந்து, எந்தத் தெரு, எந்த வீடு, உள்ளே யார் இருக்கிறார்கள், பிள்ளையை வெளியே கொண்டுவந்த பிறகு எங்கே போகப்போகிறோம் என்று முழுவதையும் சொன்னார். கிளம்புவதற்கு முன்னாலேயே.

போனோம். வந்தோம். பிள்ளை பத்திரம்.

எங்கே என்பதை இங்கேயும் எழுதவில்லை.